சுவத்துல எழுதியிருந்த கணக்கு

சாயந்திரம் ஆனா குழந்தைய வண்டியில வச்சு தள்ளிக்கிட்டு நானும் அண்ணன் மகனும் நடக்கப் போவோம். இது போன வருஷம் வியன்னாவுல. அண்ணிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால மருமக பிரசவத்துக்கு நான்தான் போயிருந்தேன், சுக்கு திப்பிலி பூண்டு லேகியம்னு ஒரு பெட்டி நிறைய காரைக்குடியில இருந்து கட்டிக்கிட்டு. ஒருநாள் ஒரு பழைய பெரிய குடியிருப்பு பக்கமா போறோம், முகப்புல பெரிய பெரிய சிவப்பு எழுத்துல என்னமோ எழுதியிருக்கு. கடை பேருன்னு நெனச்சு, என்னப்பா போட்டிருக்குன்னு கேட்டேன். "வியன்னா நகராட்சி கட்டியது, 1925, 26ல, வீட்டு வரிப் பணத்துலன்னு போட்டிருக்கு அத்தை"ன்னான்.

அப்படியே நின்னுட்டேன். நம்ம கோயில்ல டியூப் லைட்டுல இருந்து கதவு நிலை வரைக்கும் உபயம் இன்னார்னு எழுதியிருப்பாங்கல்ல, அது மாதிரி இவங்க ஒரு ஊரே குடியிருக்கிற கட்டடத்துல உபயம் வரின்னு எழுதி வச்சிருக்காங்க. சுவத்துல இருந்த அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இப்படி நீளமா எழுத வச்சிருக்கு.

என்னைப் பத்தி தெரியாதவங்களுக்கு: எங்கப்பா ஒரு செட்டியார் வீட்டுல கணக்குப்பிள்ளையா இருந்தவரு. பின்கட்டுல ரெண்டு ரூம்ல நாங்க இருந்தோம். வருஷக் கடைசியில அப்பா ஐந்தொகை எடுப்பாரு, அதாவது வரவு செலவு சொத்து கடன் எல்லாத்தயும் சேத்துப் போடுற கணக்கு, பேரேட்ட விரிச்சு வச்சுக்கிட்டு ராத்திரி பூரா உக்காந்திருப்பாரு, ஒரு காசு இடிச்சாலும் தூங்க மாட்டாரு. "காசு எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் அது எங்க போகும்னு தெரியும்"னு சொல்லுவாரு. நானும் இப்ப ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்குதான் பாக்குறேன். அதனால ஊர்ப் பயணம் போனாலும் கண்ணு அங்கதான் போகுது.

அந்த சிவப்பு எழுத்துக்குப் பின்னாடி இருக்கிற கதை இது. முதல் உலகப் போர்ல ஆஸ்திரியப் பேரரசு உடைஞ்சு போச்சு, வியன்னாவுல ஜனங்களுக்கு இருக்க இடம் இல்ல, ஒரே கட்டில்ல ஷிப்ட் போட்டு தூங்குனவங்க இருந்திருக்காங்க. 1922ல வியன்னா தனி மாநிலம் ஆச்சு, வரி போடுற அதிகாரம் கையில வந்துச்சு. நிதிப் பொறுப்புல இருந்தவரு ஹூகோ பிரைட்னர், அதுக்கு முன்னாடி பேங்க் டைரக்டரா இருந்தவரு. அவரு கார் வச்சிருந்தா வரி, வீட்டுல வேலையாள் நிறைய வச்சிருந்தா வரின்னு போட்டாரு, 1923ல வீடு கட்டுறதுக்குன்னே ஒரு தனி வரியும் கொண்டு வந்தாரு. சின்ன வீட்டுக்கு கொஞ்சூண்டு, பெரிய மாளிகைக்கு பல மடங்கு. அந்தக் காச வச்சு 1934 வரைக்கும் 60,000 வீட்டுக்கு மேல கட்டியிருக்காங்க. இதுல கணக்குப் பாக்குறவங்களுக்கு முக்கியமான விஷயம், பெரும்பாலும் கடன் வாங்காம வரிப் பணத்துலயே கட்டுனதால வட்டி கிடையாது, வட்டி இல்லாததால வாடகைங்கிறது பராமரிப்புக்கு மட்டும்தான். கார்ல் மார்க்ஸ் ஹோஃப்னு ஒண்ணு இருக்கு, ஒரு கிலோமீட்டருக்கு மேல நீளம், 1,382 வீடு, 1930ல திறந்தது. 1934 பிப்ரவரியில உள்நாட்டுச் சண்டை வந்தப்ப அரசாங்கமே அதும்மேல பீரங்கியால சுட்டுச்சு. இன்னைக்கும் அதுல ஜனங்க குடியிருக்காங்க, நகராட்சி வீடு மட்டும் இப்ப அந்த ஊர்ல சுமார் 2,20,000.

அண்ணன் மகன் இருக்கிறது நகராட்சி வீடு இல்ல, சங்க வீடு. லாபத்துக்கு வரம்பு வச்சு சட்டம் போட்டு நடத்துற சங்கம், அவங்க கட்டுற வீட்டுக்கு என்ன செலவாச்சோ அதத்தான் வாடகையா வாங்கலாம். காசு பல இடத்துல இருந்து வருது. நகரம் குறைஞ்ச வட்டிக்கு குடுக்குற நீண்ட காலக் கடன், பேங்க் கடன், சங்கத்தோட சொந்தப் பணம், அப்புறம் குடிவர்றவங்க ஆரம்பத்துல கட்டுற ஒரு தொகை. நகரம் குடுக்குற அந்தக் கடனுக்குப் பின்னாடியும் ஒரு வரி இருக்கு, சம்பளத்துல ஒரு சின்னப் பங்க வீட்டு வசதிக்குன்னு பிடிக்கிறாங்க, பாதி தொழிலாளி பாதி முதலாளி. சம்பளச் சீட்டுல அதுக்குன்னு தனியா ஒரு லைனே போட்டிருக்கு, எனக்குக் காட்டுனான்.

ஜூன் மாசம் சங்கத்துல இருந்து ஒரு கவர் வந்துச்சு. வருஷக் கணக்கு. தண்ணி இவ்வளவு, குப்பை இவ்வளவு, லிப்ட் இவ்வளவு, இன்சூரன்ஸ் இவ்வளவு, புகைபோக்கி சுத்தம் பண்றவருக்குக் கூட இவ்வளவுன்னு, ஒவ்வொரு வீட்டுக்கும் அவங்க பங்கு பிரிச்சுப் போட்டு. நான் அவனப் பக்கத்துல உக்கார வச்சு ஒவ்வொரு வரியா படிச்சு அர்த்தம் சொல்லச் சொன்னேன், அவனுக்கு ஆபீசுக்கு நேரமாச்சு, "அத்தை யாருமே இத இவ்வளவு படிக்க மாட்டாங்க"ன்னான். வாடகைக்கு இருக்கிறவங்க கையில வீட்டோட கணக்கு! காரைக்குடியில நான் 11 வருஷம் வாடகை வீட்டுல இருந்தவ, கரண்ட்டுக்கு யூனிட்டுக்கு எதுக்கு இவ்வளவுன்னு கேட்டதுக்கே வீட்டக் காலி பண்ணுங்கன்னு சொன்ன வீட்டுக்காரர் உண்டு.

அந்த ஆரம்பத் தொகைய அவன் சொன்னதும் எனக்கு நம்ம ஒத்திதான் ஞாபகம் வந்துச்சு. சென்னைக்காரங்க லீசும்பாங்க. மொத்தமா ஒரு தொகை குடுத்துட்டு மூணு வருஷம் வாடகை இல்லாம இருந்துட்டு போகும்போது திருப்பி வாங்கிக்கிறது. அவனுக்கும் போகும்போது திரும்பக் கிடைக்கும், இருந்த வருஷத்துக்கு வருஷம் 1% கழிச்சுக்குவாங்க, அவ்வளவுதான். அங்க வாடகையும் உண்டு, அது வேற. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "திருப்பித் தரலைன்னா?" அவனுக்கு அந்தக் கேள்வியே புரியல. "சட்டம் இருக்குல்ல அத்தை, சங்கத்துக்கு வருஷா வருஷம் ஆடிட் இருக்கு, தருவாங்க"ன்னான்.

என் தங்கச்சிக்கு தரலையே. நாலு லட்சம், அவ கண்டாங்கி சேலைக் கடையில நின்னு நின்னு சேத்தது, நகைய வித்து மிச்சம் போட்டது. மூணு வருஷம் முடிஞ்சு காலி பண்றேன்னு சொன்னா, வீட்டுக்காரர் மகள் கல்யாணத்துக்கு அந்தக் காசு செலவாயிருச்சு, அடுத்த ஒத்திக்கு ஆள் வந்தாத்தான் தர முடியும்னாரு. அதுக்குள்ள ஒருநாள் காலையில கதவுல நோட்டீஸ் ஒட்டியிருக்கு, வீடே பேங்க்ல அடமானத்துல இருந்திருக்கு, இவளுக்குத் தெரியாது. ஒத்திப் பத்திரம் இருபது ரூபா முத்திரைத்தாள்ல எழுதுனது, பதிவு பண்ணல. கைக்கு காசு வந்து சேர 14 மாசம் ஆச்சு, அஞ்சு தவணையா. அந்த 14 மாசமும் அவ தூங்குனது இல்ல, எனக்குத் தெரியும். வீட்டுக்காரரும் கெட்டவர்னு சொல்ல மாட்டேன், அவருக்கும் வேற வழியில காசு புரட்டத் தெரியல. ஒரு தனி மனுஷனோட கல்யாணச் செலவுக்கும் ஒரு குடும்பத்தோட தலைக்கு மேல இருக்கிற கூரைக்கும் நடுவுல எந்தத் தடுப்பும் இல்லாததுதான் பிரச்சனை.

சரி, வட்டிக்கு வர்றேன், இதுதான் நான் ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சது. வீடு ஏன் கட்டுப்படி ஆகலன்னா எல்லாரும் செங்கல் விலை மணல் விலைன்னு சொல்றோம். அதுவும் உண்மைதான், ஆனா ஒரு பத்து லட்சத்த எடுத்துக்கோங்க. 9% வட்டி, 20 வருஷம்னா மாசத் தவணை சுமார் 8,997 ரூபா. அதே பத்து லட்சம் 3% வட்டி, 40 வருஷம்னா 3,580. அதே வீடு, அதே செங்கல். சும்மா வருஷத்த மட்டும் இழுத்தா போதுமான்னா போதாது, 9%லயே 40 வருஷம் போட்டா 7,714 வரும், பெருசா ஒண்ணும் குறையல. வட்டிய மட்டும் குறைச்சு 20 வருஷம்னா 5,546. ரெண்டும் சேரணும், குறைஞ்ச வட்டியும் வேணும் அவசரப்படாத பணமும் வேணும். ஐரோப்பாவுல ஒவ்வொரு நாட்டுக்காரனும் ஒவ்வொரு விதமா பண்ணியிருக்கிறது எல்லாமே இந்த அவசரப்படாத பணத்த எங்க இருந்து கொண்டு வர்றதுங்கிறதுதான்.

பிரான்ஸ்ல பாத்தீங்கன்னா லிவ்ரே ஆன்னு ஒரு சேமிப்புப் புத்தகம், நம்ம போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக் மாதிரியே, 1818ல இருந்து இருக்கு. அஞ்சு கோடிப் பேருக்கு மேல வச்சிருக்காங்க, வட்டிக்கு வரி இல்ல, ஒரு ஆள் 22,950 யூரோ வரைக்கும் போடலாம். பாட்டி பேரனுக்கு பிறந்தநாளுக்கு போட்டு வைக்கிற காசு அது. அதுல பாதிக்கு மேல கேஸ் தெ தெப்போங்கிற பழைய அரசு நிதி நிறுவனத்துக்குப் போயி, அங்க இருந்து குறைஞ்ச வாடகை வீடு கட்டுற அமைப்புகளுக்கு 40 வருஷக் கடனா போகுது, நிலத்துக்குன்னா அதவிட நீளம். போடுறவங்க எப்ப வேணாலும் எடுக்கலாம், ஆனா எல்லாரும் ஒரே நாள்ல எடுக்க மாட்டாங்கல்ல, அந்த நம்பிக்கையிலதான் குட்டிக் குட்டிக் காசு நீண்ட காலக் காசா மாறுது. இதுலயும் ஒரு வலி இருக்கு. புத்தகத்துக்கு குடுக்குற வட்டிய வச்சுத்தான் கடன் வட்டியும். 2022 ஆரம்பத்துல 0.5% இருந்தது 2023 பிப்ரவரியில 3% ஆச்சு, சேமிச்சவங்களுக்கு சந்தோஷம், வீடு கட்டுறவங்க கடன் செலவு ஏறிப்போச்சு. நம்ம ஊர்ல டெபாசிட்டுக்கே ஆறு ஏழு சதவீதம் குடுக்கணும், அப்ப 3%க்கு யாரு கடன் குடுப்பான்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அந்த இடைவெளிய யாராவது போட்டே ஆகணும், வியன்னாவுல போட்டது வரி.

என் தங்கச்சிகிட்ட இதெல்லாம் போன்ல சொன்னப்ப அவ கேட்ட முதல் கேள்வி, "ஜாமீன் யாருக்கா?" சரியான கேள்வி. அதுக்கு பதில் நெதர்லாந்து. அங்க வீட்டு வசதிச் சட்டம் 1901லயே வந்துருச்சு, அதுல இருந்து வளந்த சங்கங்க கையில இப்ப 20 லட்சத்துக்கு மேல வீடு. 1983ல அவங்களுக்குன்னு ஒரு ஜாமீன் நிதி வச்சாங்க. ஒரு சங்கம் தவணை கட்ட முடியலைன்னா முதல்ல அதோட சொத்து, அது பத்தலன்னா நிதியில இருக்கிற பணம், அதுவும் பத்தலன்னா மத்த சங்கங்க சேந்து, அதுக்கும் பின்னாடி அரசாங்கமும் நகராட்சிகளும். இப்படி அடுக்கடுக்கா ஜாமீன் நிக்கிறதால கடன் குடுக்குறவன் பயப்படாம குறைஞ்ச வட்டிக்குக் குடுக்குறான். ஆனா ஜாமீன்னா ஜாமீன்தான், 2012ல வெஸ்டியாங்கிற பெரிய சங்கம் வட்டி ஏறும்னு பந்தயம் கட்டுற மாதிரி டெரிவேடிவ்ங்கிற நிதி ஒப்பந்தங்கள வாங்கிப் போட்டு சுமார் 200 கோடி யூரோ விட்டுச்சு, அதுக்கு மத்த சங்கங்களும் அழுதுச்சுங்க. யாரோ ஒரு ஆபீஸ்ல போட்ட கையெழுத்துக்கு, எங்கயோ வாடகை கட்டுற ஒரு கிழவியோட காசு போச்சு. கூட்டு ஜாமீன்ல கணக்குப் பாக்குறவங்க கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பாக்கணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது டென்மார்க். ஏன்னா அதுல நம்ம மகமை இருக்கு. நகரத்தார் வியாபாரத்துலயும் வட்டியிலயும் வர்றதுல ஒரு பங்க கோயிலுக்கும் தர்மத்துக்கும்னு ஒதுக்கி வச்சிருவாங்க, அதுதான் மகமை. அப்பா பேரேட்டுல அதுக்குத் தனிப் பக்கம் இருக்கும், அதத் தொடக்கூடாது. டென்மார்க்ல வீட்டுச் சங்கம் வீடு கட்டும்போது 2% குடியிருக்க வர்றவங்க போடுறாங்க, ஒரு பங்கு நகராட்சி, மிச்சம் அடமானக் கடன். கடன் முடிஞ்ச பிறகும் வாடகை குறையாது! ஆஸ்திரியாவுல கடன் தீந்தா வாடகை இறங்கிரும், இவங்க இறக்க மாட்டாங்க. அந்தக் காசு 1967ல ஆரம்பிச்ச ஒரு தேசிய நிதிக்குப் போகுது, அதுல இருந்து பழைய கட்டடத்துக்கு கூரை மாத்துறது, லிப்ட் வைக்கிறது, புது வீட்டுக்கு உதவுறதுன்னு நடக்குது. முதல்ல கேக்க அநியாயமாத்தான் தெரியும், கடன் கட்டி முடிச்சவங்கிட்ட ஏன் இன்னும் வாங்கணும்னு. ஆனா அந்த வீட்டக் கட்ட உதவுனது அதுக்கு முன்னாடி இருந்தவங்க காசுதானே. சங்கத்து போர்டுலயும் குடியிருக்கிறவங்கதான் பெரும்பான்மை. பத்துல ரெண்டு வீடு அந்த நாட்டுல இப்படி. நான் ஓட்டுப் போடணும்னா இதுக்குத்தான் போடுவேன்.

இப்படிச் சேத்து வச்சது போறதுக்கு ரொம்ப நாள் ஆகாது. இங்கிலாந்துல 1980ல சட்டம் போட்டு நகராட்சி வீட்டுல இருந்தவங்க பெரிய தள்ளுபடியில வாங்கிக்கலாம்னாங்க, வாங்குன குடும்பத்துக்கு நல்லதுதான், அத நான் குறை சொல்லல. ஆனா வித்த காச வச்சு அதே அளவு திரும்பக் கட்ட விடல, இங்கிலாந்துல மட்டும் கிட்டத்தட்ட 20 லட்சம் வீடு போச்சு. ஜெர்மனியில லாப வரம்புச் சங்கங்களுக்கு இருந்த வரிச் சலுகைய 1990ல எடுத்தாங்க. 2006ல ட்ரெஸ்டன் நகரம் தன்கிட்ட இருந்த சுமார் 48,000 வீட்டயும் ஒரு வெளிநாட்டு முதலீட்டு நிறுவனத்துக்கு ஒரே கையெழுத்துல வித்துச்சு, நகரத்தோட கடன் தீந்துச்சு, வீடு கை விட்டுப் போச்சு.

இதுக்கு ஜெர்மனியிலயே ஃப்ரைபுர்க்ல சில பேரு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. வீட்டுக் கூட்டமைப்புன்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கம்பெனி, அதுல ரெண்டே பங்காளி: அதுல குடியிருக்கிறவங்க சங்கம் ஒண்ணு, கூட்டமைப்பு ஒண்ணு. விக்கணும்னா ரெண்டு பேரும் சம்மதிக்கணும், கூட்டமைப்பு ஒருநாளும் சம்மதிக்காது. கட்டுறதுக்கு பேங்க் கடன் போக, தெரிஞ்சவங்க சொந்தக்காரங்ககிட்ட கைமாத்து மாதிரி சின்னச் சின்னக் கடன். பழைய வீடுக புது வீட்டுக்கு மாசாமாசம் கொஞ்சம் குடுக்கும்.

இதக் கேட்டப்ப நான் வளந்த வீடுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. செட்டிநாட்டு வீடு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், வளவுங்கிற நடு முற்றத்தச் சுத்தி அறை, ஒவ்வொரு மகனுக்கும் கல்யாணம் ஆனதும் வேறு வச்சிருவாங்க, அவன் ஒரு புள்ளி, அவனுக்கு தனி அடுப்பு தனி கணக்கு, ஆனா ஒரே கூரை. முகப்பும் பட்டாலைங்கிற கூடமும் எல்லாருக்கும் பொது. எந்தப் புள்ளியும் தனியா வீட்ட விக்க முடியாது, பங்காளி எல்லாரும் கையெழுத்துப் போடணும். அதனாலதான் இத்தனை வீடு இன்னும் நிக்குது. அதனாலதான் இத்தனை வீடு பூட்டியும் கிடக்குது, அதயும் சொல்லணும். விக்க முடியாதுங்கிறது மட்டும் போதாது, உள்ள ஆள் இருக்கணும், கூரை ஒழுகுனா ஓடு மாத்த காசு வர்ற வழி இருக்கணும். அது இல்லாதப்ப கடைசியில எல்லாரும் சம்மதிச்சு, தேக்குத் தூணும் நிலையும் ஒவ்வொண்ணா பழைய சாமான் கடைக்குப் போகுது. நாங்க இருந்த வீட்டு முகப்புத் தூண் ரெண்ட முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு கடை வாசல்ல சாத்தி வச்சிருந்தத நான் பாத்தேன். அடியில சின்ன வயசுல நான் ஆணியால கீறுன கோடு இருந்துச்சு. தடவிப் பாத்துட்டு வந்துட்டேன்.

வட்டித் தொழில் பண்ணவங்க ஏழைக்கு வீடு கட்டுனது ஒண்ணும் புதுசு இல்ல. ஜெர்மனியில ஆக்ஸ்பர்க்ல யாக்கோப் ஃபுக்கர்னு ஒரு பெரிய லேவாதேவிக்காரரு, ராஜாக்களுக்கே கடன் குடுத்தவரு, 1521ல ஊர் ஏழைகளுக்குன்னு ஒரு குடியிருப்பு வச்சு சாசனம் எழுதுனாரு. 500 வருஷம் கழிச்சும் வருஷ வாடகை அதேதான், இன்னைக்குக் காசுக்கு 0.88 யூரோ, கூட தினம் மூணு பிரார்த்தனை. அந்த அறக்கட்டளைக்கு காடு இருக்கு, மரத்துல வர்ற வருமானம்தான் கூரைய நிறுத்துது. நம்ம ஊர்ப் பெரியவங்களும் காசியில ராமேஸ்வரத்துல விடுதி கட்டி, அது நடக்க சொத்தும் எழுதி வச்சாங்க. கட்டுறதோட விடாம நடக்குறதுக்கும் காசு ஒதுக்குற அறிவு இந்த மண்ணுல இருந்திருக்கு. யாத்திரை போறவங்களுக்கு ஒதுக்குன அந்த அறிவ இங்கயே ஆத்தங்குடியில கண்ணாடி மேல கலர் ஊத்தி தரைக்கல்லு செய்யுற பொண்ணுகளுக்கும், ஆஸ்பத்திரி ஆயாவுக்கும், மெஸ்ல சமைக்கிறவங்களுக்கும் ஒதுக்கணும்னு கேக்குறேன். நம்ம ஊர்ல காசு இல்லைன்னு யாரும் சொல்லாதீங்க. நகைக்கடன் கடைய எண்ணிப் பாருங்க. வெளிநாட்டுல இருந்து வந்து டெபாசிட்ல தூங்குறது எவ்வளவுன்னு எங்க ஆபீஸ்ல கணக்கு எழுதுற எனக்குத் தெரியும்.

நான் பேப்பர்ல ஒரு ஐந்தொகை போட்டு வச்சிருக்கேன், 12 வீட்டுக்கு. நிலத்த விக்காம நீண்ட குத்தகைக்கு ஒரு அறக்கட்டளை குடுத்தா என்ன வரும், பார்சிலோனாவுல லா போர்டான்னு 28 வீடு அப்படித்தான் நகராட்சி நிலத்துல 75 வருஷக் குத்தகைக்கு கட்டியிருக்காங்க. 4%க்கு பத்து பேரு டெபாசிட் போட சம்மதிச்சா என்ன வாடகை வரும், பழுதுக்கு மாசம் எவ்வளவு ஒதுக்கணும். இன்னும் ரெண்டு இடத்துல இடிக்குது. ஆர்வம் இருக்கிறவங்க கமெண்ட்ல சொல்லுங்க, போட்டோ எடுத்து அனுப்புறேன், தப்பு இருந்தா திருத்துங்க.

தங்கச்சி இப்ப வேற வீடு பாத்திருக்கா, மறுபடியும் ஒத்திதான், அவ கையில இருக்கிற காசுக்கு அதுதான் வழி. வில்லங்கச் சான்று நானே போட்டுப் பாத்துட்டேன், சுத்தமா இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை சார்பதிவாளர் ஆபீஸ்ல டோக்கன். பதிவுச் செலவு எதுக்குன்னு வீட்டுக்காரர் கொஞ்சம் முனகுனாரு, பாதி நான் தர்றேன்னு சொல்லிட்டேன்.